வலது குழலில் ஒரு வீக்கம்: கந்தப்பளைத் துவக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கம் மரக்கறி செய்கிற ஒருவருடைய வேட்டைத் துவக்கு இது. 12 போர், இரட்டைக்குழல், பழைய பேர்மிங்ஹாம் வேலை. வலது குழலில், முனையிலிருந்து 14 சென்ரிமீற்றர் உள்ளே, விரலால் தடவினால் தட்டுப்படுகிற வீக்கம் ஒன்று குழலைச் சுற்றி ஓடியிருந்தது. குழல் வெடிக்கவில்லை, கீறல் விழவில்லை, ஆளுக்குக் காயமும் இல்லை. அந்த வீக்கம் ஏன் வந்தது என்று அவர் கேட்கவேயில்லை. "அந்த எடத்தோட வெட்டிட்டு, முனையில புரி போட்டு, ஒரு சைலன்சர் மாட்டிக் குடுங்க தம்பி. பேரன் போன்ல காட்டினான், பிஸ்டலுக்கெல்லாம் அப்பிடித்தான் மாட்டுறாங்களாம்" என்றார்.

எங்கள் பட்டறை லேத் பட்டறை. தேயிலை ஸ்டோர்களின் றோலர் தண்டு, பெயாரிங் உறை, தண்ணீர்ப் பம்பின் தண்டு, இவைதான் அன்றாடச் சோறு. துவக்கில் கை வைக்க வேறு அனுமதி வேண்டும், அது எங்களிடம் கிடையாது. ஆனாலும் அவர் அனுமதிப்பத்திரத்தோடு நேரில் வந்து நின்றார். துவக்கை முறித்துத் திறந்து இரண்டு தோட்டா அறையும் வெறுமை என்று இருவரும் பார்த்த பிறகு, அவர் கண் முன்னாலேயே அளந்து பார்ப்பது மட்டும் செய்தேன். அளந்ததும் அதிலிருந்து விளங்கியதும்தான் கீழே.

துவக்கு

குழல்கள் 30 அங்குலம். கீழ்ப்பக்கத்தில், மரக்கைப்பிடி கழன்றதும் தெரிகிற இடத்தில், கிரீடத்துக்குக் கீழே எழுத்துகள் கொண்ட பேர்மிங்ஹாம் சோதனை முத்திரைகள் இருந்தன. அந்த ஊரின் சோதனைச் சாலை 1813இல் தொடங்கியது. விற்பனைக்குப் போகுமுன் ஒவ்வொரு குழலையும் வழக்கத்துக்கு மேற்பட்ட மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவது அதன் வேலை. முத்திரைகளோடு தோட்டா அறையின் நீளமும் பொறித்திருந்தது: இரண்டரை அங்குலம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு காலத்தில் தோட்டத்துரை ஒருவர் வைத்திருந்தது, பின்னர் சட்டப்படி கைமாறி இவருக்கு வந்தது என்றார். 'போர்' கணக்குத் தெரியாதவர்களுக்கு: குழலின் துளைக்குச் சரியாகப் பொருந்துகிற ஈயக் குண்டு 12 சேர்ந்தால் ஓர் இறாத்தல் வரும் என்பதுதான் 12 போர். மில்லிமீற்றரில் ஏறத்தாழ 18.5. இலக்கம் கூடக் கூடத் துளை சிறுக்கும். 16 போர் 16.8, 20 போர் 15.6.

லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு போடுகிற இடங்களில் இரவில் பன்றி இறங்கினால் காலையில் பாத்தி இருந்த அடையாளமே இருக்காது. அதற்காகத்தான் துவக்கு. மழை மாதங்களில் பயிர் ஓரத்துக் காவல் குடிலில், மூலையில், முனை மேலே பார்க்கச் சாத்தி வைத்திருப்பாராம். எடுத்தால் எப்போதும் முன் விசையைத்தான் இழுப்பார். முன் விசை வலது குழலுக்கு உரியது. இடது குழலைத் தொட்டே நாளாகிறது. கேட்டபோது இது ஒரு சாதாரணத் தகவலாகத்தான் தெரிந்தது. கடைசியில் விடயத்தை அவிழ்த்தது இதுதான்.

சம்பவ இரவில் பன்றியைப் பார்த்து ஒரு வெடி வைத்திருக்கிறார். சத்தம் "கொஞ்சம் அடைச்ச மாதிரி" இருந்ததாம். பன்றி ஓடிவிட்டது. மறுநாள் துடைக்கும்போதுதான் விரலில் மேடு பட்டிருக்கிறது.

அளந்தது

குழலை வானத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பின்புறமிருந்து கண் வைத்தால், நல்ல குழலில் வட்ட வட்டமான நிழல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒழுங்காகப் போகும். வலது குழலில் முனைக்கு 14 சென்ரிமீற்றர் முன்னால் அந்த ஒழுங்கு உடைந்து, கறுப்பு வளையம் ஒன்று நின்றது. எந்தக் கருவியும் இல்லாமலே வீக்கத்தைக் காட்டுகிற சோதனை இது. பழைய துவக்கு வாங்குகிறவர்கள் விலை பேசுமுன் இதைச் செய்தாலே பாதி ஏமாற்று குறையும்.

வெளியே வேர்னியரால் அளந்ததில் வீக்கத்தின் உச்சியில் 0.9 மில்லிமீற்றர் கூடுதல். இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. அதன் பக்கத்தில், கெடாத இடத்தில், குழல் சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரை எட்டவில்லை. இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. பார்வைக்கு இரும்புத் தடிபோல இருக்கிற வேட்டைத் துவக்கின் முன்பாதி, உண்மையில் தகர டின்னை விடச் சற்றுத் தடித்த குழாய்தான். தோளுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செதுக்குகிறார்கள். தோட்டா அறைப் பக்கம் மட்டும் தடிப்பாக இருக்கும்.

பிறகு குழல்களைத் துவக்கிலிருந்து கழற்றி, கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் மொழியால் தட்டினேன். இரண்டு குழலையும் இணைக்கிற நடுப்பட்டியின் ஈயப்பற்று முழுதாக இருந்தால் கோயில் மணிபோல் நீண்டு ஒலிக்க வேண்டும். இது 'டப்' என்று செத்த ஒலி கொடுத்தது. வீக்கத்துக்கு நேரே பட்டியின் ஓரத்தில் மெல்லிய எண்ணெய்த் துணியை வைத்து அழுத்தினால் எண்ணெய் உள்ளே இறங்கியது. வலது குழல் வீங்கும்போது பக்கத்துப் பட்டியைத் தள்ளி, பற்றை உடைத்திருக்கிறது.

எங்கே வீங்கியது என்பதே பாதிப் பதில்

வீங்கிய குழலைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது "மருந்து கூடிப் போச்சு" என்பது. அவரும் அதைத்தான் சொன்னார், தோட்டாவைக் குறை சொன்னார். ஆனால் மருந்து கூடினால் குழல் கெடுகிற இடம் வேறு. தோட்டா வெடித்ததும் அழுத்தம் உச்சிக்குப் போவது அறையிலும் அதற்குச் சற்று முன்னாலும்தான். இன்றைய வழக்கமான 12 போர் தோட்டாவுக்கு ஐரோப்பிய உச்ச எல்லை 740 பார். சன்னமும் (சிறு ஈயக் குண்டுகள்) அதைப் பின்னாலிருந்து தள்ளுகிற தக்கையும் குழலில் ஓட ஓட வாயுவுக்கு இடம் பெருகி அழுத்தம் மளமளவென்று இறங்கும். முனைக்கு வரும்போது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அளவுக்கு மீறிய மருந்து அறையைப் பிளக்கும், பூட்டைத் தளர்த்தும். முனைப் பக்கத்தை அது தேடிப் போவதில்லை.

சின்ன இலக்கத் தோட்டா தவறி விழுந்திருக்குமோ? 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் நழுவி, அறைக்கு முன்னால் விளிம்பில் சிக்கி நிற்கும். தோட்டா போடவில்லை என்று நினைத்து அதன் பின்னால் ஒரு 12 போரைப் போட்டு வெடித்தால் குழல் சிதறும். அது சிதறுவதும் இடது கை பிடித்திருக்கிற இடத்தில். விரல் போனவர்கள் உண்டு. 20 போர் தோட்டாவுக்குப் பெரும்பாலும் மஞ்சள் நிறம் கொடுப்பது இதனால்தான். ஆனால் இங்கே அந்த இடம் கண்ணாடிபோல் சுத்தம்.

முனையின் சோக் காரணமாக இருக்குமா? சோக் என்பது முனையை ஒட்டிச் சில சென்ரிமீற்றருக்குள் துளை ஒடுங்குவது. பழைய மெல்லிய குழலில் இரும்புச் சன்னத் தோட்டாவை வெடித்தால் சோக் தொடங்குகிற இடத்தில் வளையம் போடும். இவருடைய தோட்டாக்கள் ஈயச் சன்னம். வீக்கமும் சோக்குக்குப் பின்னால், துளை இன்னும் ஒடுங்காத இடத்தில்.

இவை போனால் மிஞ்சுவது ஒன்றே: குழலுக்குள் ஏதோ இருந்திருக்கிறது. துண்டுத் துணி, சேறு, முந்திய வெடியில் வெளியேறாமல் நின்ற தக்கை, எதுவாகவும் இருக்கலாம். எது என்று வலது குழலைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. வெடித்த குழலில் சாட்சி எல்லாம் பறந்துவிட்டது, மறுநாள் துடைத்ததில் மீதியும் போய்விட்டது.

இடது குழல்

வலதுக்கு ஒப்பிட்டு அளப்பதற்காக இடது குழலையும் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். வெளிச்சமே வரவில்லை.

பித்தளைக் கம்பியைப் பின்புறமிருந்து மெதுவாக விட்டதில், முனையிலிருந்து ஏறக்குறைய அதே ஆழத்தில் முட்டியது. லேசாகத் தள்ளியதும் காய்ந்த செம்மண் கட்டி ஒன்று காகிதத்தில் விழுந்து உடைந்தது. உள்ளே பட்டாணி அளவில் சிறு அறை. அந்த அறையில் கால் மடங்கிய சின்னச் சிலந்திகள் நெருக்கி அடைத்திருந்தன. சில இன்னும் காயாமலே இருந்தன. அவற்றின் மேல் வெள்ளைப் புழு ஒன்று.

மண்குளவி. தோட்டத்தில் குளவி என்றாலே கொழுந்து மலையில் கொட்டி ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற கூட்டக் குளவிதான் எல்லோருக்கும் நினைவு வரும். இது வேறு, தனியாகத் திரிவது, ஆளைக் கொட்ட அலையாது. ஓடு, சாவித் துவாரம், தண்ணீர்க் குழாய், எங்கே ஒரு பொந்து கிடைத்தாலும் மண் குழைத்து அறை கட்டும். சிலந்திகளைக் கொட்டி, சாகடிக்காமல் செயலிழக்கச் செய்து, உள்ளே அடுக்கி, முட்டையிட்டு, மண்ணால் மூடும். மூலையில் முனை மேலே பார்க்க நிற்கிற 18.5 மில்லிமீற்றர் பொந்து இரண்டு அதற்குக் கிடைத்திருக்கிறது. இரண்டிலும் கட்டியிருக்கிறது.

வலதில் இருந்ததும் இதுவே என்று நீதிமன்றத்தில் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் ஒரே மூலை, ஒரே மாதம், வெடிக்காத குழலில் அதே ஆழத்தில் கூடு. எனக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை.

"இத்தினியூண்டு மண்ணா இரும்பை ஊத வச்சிது?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மண் கட்டி இரும்பைத் தள்ளவில்லை. தோட்டாவில் இருக்கிற சன்னம் ஏறக்குறைய 32 கிராம். அது நொடிக்கு 400 மீற்றர் அளவிலான வேகத்தில் வருகிறது, பின்னால் வாயு. முன்னால் இருக்கிற தடை எவ்வளவு இலேசானாலும், அசையாமல் நிற்கிறது. அதை அதே வேகத்துக்குக் கொண்டுவர நொடியின் மிகச் சிறு துணுக்குத்தான் கிடைக்கிறது. முன்வரிசைச் சன்னம் தட்டுப்பட்டு வேகம் குறைய, பின்வரிசை அதன்மேல் ஏறி நசுங்கி, முன்னால் போக முடியாத விசை பக்கவாட்டில் திரும்புகிறது. பின்னால் ஓடி வந்த வாயுவும் அந்த இடத்தில் தேங்கி மோதுகிறது. எல்லாம் ஓர் அங்குலத்துக்குள் நடப்பதால்தான் நீள வீக்கமாக இல்லாமல் வளையமாக வருகிறது.

பட்டறைக் கணக்கில் சொன்னால்: முனைப் பக்கத்து அழுத்தத்தை 5 மெகாபாஸ்கல் என்று வையுங்கள், அதாவது 50 பார். அதை உள் ஆரை 9.25ஆல் பெருக்கி, சுவர்த் தடிப்பு 0.9ஆல் வகுத்தால் சுவரில் விழுகிற இழுவிசை 51 மெகாபாஸ்கல். சாதாரணக் குழல் உருக்கு நிரந்தரமாக நீள்வதற்கு 400 அளவில் வேண்டும் என்று கொண்டாலும் எட்டு மடங்கு இடைவெளி இருக்கிறது. ஆகவே வழக்கமான வெடியால் அந்த இடம் வாழ்நாளில் வீங்காது. வீங்கியிருக்கிறதென்றால் அந்த ஒரு வளையத்தில், ஒரு கணம், அழுத்தம் குறைந்தது எட்டு மடங்காகியிருக்கிறது. சேறும் தண்ணீரும் கூட இதைச் செய்யும்.

தோட்டா பற்றி இன்னொன்று கண்ணில் பட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியது 70 மில்லிமீற்றர் தோட்டா. அந்த நீளம் வெடித்த பின், வாய் மடிப்பு விரிந்த நிலையில் வருவது. மடித்திருக்கும்போது குட்டையாக இருப்பதால் இரண்டரை அங்குல அறையிலும் தடையில்லாமல் உட்கார்ந்துவிடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் முன்னாலுள்ள ஒடுக்கத்துக்குள் போய் வழியை நெருக்கும், அழுத்தம் ஏறும். இந்த வீக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் பழைய துவக்கு வைத்திருக்கிற எவரும் குழலின் கீழே பொறித்த அறை நீளத்தைப் படிக்காமல் தோட்டா வாங்கக்கூடாது. உள்ளே போகிறது என்பது பொருந்துகிறது என்பதற்கு அத்தாட்சியல்ல.

திருகுப் புரியும் சைலன்சரும்

இனி அவர் கேட்டு வந்த வேலை. பிஸ்டலில் செய்கிறார்கள் என்றால், அது ஒற்றைக் குழல், சுவர் தடிப்பு, போவது ஒரே குண்டு. அதற்கே அதற்கென்று உற்பத்தியாளர் செய்த குழல் இருக்கிறது, சட்டம் அனுமதிக்கிற நாடுகளில்தான் விற்கிறார்கள். துளையும் சைலன்சரும் ஒரு கோட்டில் இல்லாவிட்டால் குண்டு உள்ளே மோதிச் சைலன்சரே பறந்து போகும். வேட்டைத் துவக்கின் முன்பாதியில் ஒரு மில்லிமீற்றர் கூட இல்லாத சுவரில் புரி வெட்டினால் மிஞ்சுவது என்ன? தகடு. மேலும் இரட்டைக்குழலின் குழல்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதில்லை. தூரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் சுடுவதற்காக முனையை நோக்கி நெருங்கி, ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்த நெருக்கத்தில் ஒன்றைச் சுற்றி எதையும் மாட்ட இடமே கிடையாது.

வெட்டுவதும் சும்மா வெட்டு அல்ல. வீக்கத்தைத் தாண்டி வெட்டினால் சோக் அப்படியே போய்விடும். 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் முழு சோக் 70 வீதமளவு சன்னத்தைப் போடும். சோக் இல்லாத குழல் 40 வீதமளவுதான். பன்றிக்குக் காயம் மட்டும் கொடுத்து விடுகிற துவக்கு, பன்றிக்கும் கேடு, அதைத் தேடிப் போகிறவனுக்கும் கேடு.

சத்தத்துக்கு வருவோம். துவக்குச் சைலன்சரை 1909இல் காப்புரிமை பெற்று விற்ற ஹைரம் பெர்சி மக்சிம், மக்சிம் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவருடைய மகன். மோட்டார் வாகனத்தின் சைலன்சர் செய்வதும் அந்தக் காலத்து அதே சிந்தனைதான்: வெளியேறுகிற வாயுவை அறை அறையாகத் தேக்கி, ஆற்றி, மெதுவாக விடுவது. வாயுவின் சத்தத்தை அது குறைக்கும். ஒலியை விட வேகமாகப் போகிற பொருள் காற்றைக் கிழிக்கிற சத்தத்தை அதனால் தொட முடியாது. ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீற்றர் அளவு. குளிர் கூடினால் இன்னும் குறையும், 10 பாகை செல்சியசில் 337. நுவரெலியாக் குளிரில் 400இல் போகிற சன்னம் முனையைத் தாண்டியதும் சொடுக்கத்தான் செய்யும். படத்தில் வருகிற 'புஸ்' என்பது படத்தில் மட்டும்.

ஏன் சத்தம் குறைய வேண்டும் என்று கேட்டேன். முதலில் பன்றி என்றார். பிறகு, பயிருக்குக் கீழே லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இருக்கிறது, மகளுக்குக் கைக்குழந்தை, வெடி வைத்தால் லயமே எழும்பிவிடுகிறது என்றார். கடைசியில், தன் வலது காது இரவெல்லாம் இரைகிறது என்றார். இந்தக் கடைசிதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். வேட்டைத் துவக்கின் வெடி சுடுகிறவர் காதருகில் 150 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேல் ஒரே வெடியும் காதைக் கெடுக்கலாம் என்பது பொதுவான எல்லை. காதுக்கு மருந்து காது மூடி. கல்லுடைக்கிற இடத்திலும் மரம் அறுக்கிற இடத்திலும் போடுகிற அதே மூடி போதும். எங்கள் கிரைண்டர் பக்கத்தில் தொங்கியதை மாட்டிக் காட்டினேன். சிரித்தார், வாங்குவதாகச் சொல்லவில்லை.

சட்டம் இதற்கெல்லாம் மேலே நிற்கிறது. இலங்கையில் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வருடா வருடம் புதுப்பிக்கிற அனுமதியோடு. அனுமதி கொடுத்தது ஒரு குறிப்பிட்ட துவக்குக்கு. குழலை வெட்டிக் குறுக்கி, முனையில் எதையோ மாட்டி, அதே அனுமதிப் புத்தகத்தோடு மறு வருடம் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கொண்டுபோய்க் காட்ட முடியாது. செய்து கொடுத்த பட்டறையும் தப்பாது. 

கூட வந்திருந்த மருமகன் வேறு யோசனை வைத்திருந்தார். "அப்பிடின்னா அண்ணே, பேசாம பன்றி வாற வழியில ஒரு கட்டுத்துவக்கு கட்டிறலாமே?" நான் வாய் திறக்குமுன் கிழவரே திரும்பி, "கொழுந்துக்குப் போற பொம்பளையோட காலுக்கா?" என்று கேட்டார். பாதையில் கம்பி கட்டி, வருகிறது மனிதரா மிருகமா என்று பாராமல் வெடிக்கிற அந்தக் குழாய்களால் கால் போனவர்கள் மலையகத்தில் எத்தனையோ பேர். அதோடு பேச்சு நின்றது.

முடிவு

வீக்கத்தைத் தட்டி உள்ளே இறக்கலாமா என்று கேட்டார். வெளித்தோற்றத்துக்கு இறக்கலாம். நீண்டு மெலிந்த உலோகம் பழைய தடிப்புக்குத் திரும்பாது. அதை மறுபடி சோதனை வெடிக்கு உட்படுத்தாமல் யாரும் பொறுப்பேற்கக்கூடாது. என் பரிந்துரை எழுத்தில் இரண்டு வரி: வலது குழல் பாவனைக்கு உதவாது, நடுப்பட்டி பற்று விட்டிருக்கிறது. அந்தத் தாளோடு துவக்கைப் பொலிசில் ஒப்படைத்து, மாவட்டச் செயலகத்தில் அனுமதி விடயத்தைப் பேசச் சொன்னேன். பயிரைச் சுற்றி இப்போதைக்குப் பழைய சேலை மறைப்பும் தகரமும் கட்டியிருக்கிறார்கள். எத்தனை நாளைக்குப் பன்றி அதற்கு மரியாதை கொடுக்கும் என்பது வேறு கதை.

மறுபடி துவக்குக் கிடைத்தால் குழல் முனையில் துணி அடைத்து வைக்கலாமா, குளவி போகாதே என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். அவசரத்தில் எடுக்கிறவன் துணியை மறப்பான், துணியும் ஒரு தடைதான். காய்ந்த இடத்தில் பூட்டி வைப்பதும், தோட்டா போடுமுன் முறித்துத் திறந்து இரண்டு குழலுக்குள்ளாலும் வெளிச்சத்தைப் பார்ப்பதும் போதும். இரவென்றால் டோர்ச்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "அப்ப இடது குழல் நல்லாத்தானே இருக்கு, அதை மட்டும் வெடிச்சா என்ன?" என்றார். பட்டி கழன்ற குழல்கள் ஒன்றையொன்று தாங்குவதில்லை. பற்று விட்ட இடத்தால் தண்ணீர் இறங்கி, இரண்டு குழலையும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து துரு தின்னும். எவ்வளவு தின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து அளக்க வழியில்லை. இடதும் கூடாது என்று அதே தாளில் மூன்றாவது வரியாக எழுதிக் கொடுத்தேன்.